சைபர் போட்ட அட்டை

எங்கள் தெருவில் எந்த வீட்டில் சண்டை என்று தெரிந்துகொள்ள ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருந்த தறி பட்டென்று நின்றால் சண்டை. மறுபடி ஓங்கி ஓங்கி அடித்தால் சண்டை முடிந்துவிட்டது, கோபம் முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுக் காசியம்மாள் அக்காவின் தறி நின்றது.

நான் பார்த்திபன். ஜாக்கெட் தைக்கிறவன். முன்னறையில் மிஷின் போட்டு உட்கார்ந்தால் தெருவைத் தாண்டி அக்காவின் தறியும், தறிக்கு மேலே, இழைகளைத் தூக்கிப் பூ வேலை விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியும் நேராகத் தெரியும். பிறர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது தப்புதான். ஆனால் ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய?

சண்டை கிளப்பைப் பற்றி. அக்காவின் மகள் சூர்யகலா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். மற்ற பெண்கள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்கள். இவள் சைக்கிளில் வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் மறுபடி கல்லூரிக்கு ஓடுவாள். கணித மன்றம்; அவர்கள் வாயில் கிளப். சுபத்ரா மேடம் ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பாடப் புத்தகத்தில் இல்லாத கணக்குகளாகப் போடுவார்களாம். மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது. பத்தாவதில் கணக்கில் முப்பத்தைந்து மார்க்கோடு தப்பிப் பிழைத்த எனக்கு, வலியப் போய் கணக்குப் போடுகிற ஜனங்களும் உலகத்தில் உண்டு என்பதே புதுச் செய்தி.

"மழ பேஞ்சி அட்ட பூரா ஊறிப்போயி, புது செட்டு வாங்கியாந்து கீறன். நாயித்துக்கெழம பொடவ எறங்கணும். தெள்ளார்லேர்ந்து பொண்ணு ஊட்டுக்காரங்க நேரா வர்றாங்க. இன்னிக்குமாடி போவணும்?" அக்காவின் குரல் தெரு முனை வரை கேட்டது.

"சனிக்கெழம வேலூர்ல போட்டிம்மா. நாங்க மூணு பேரு பேசணும். இன்னிக்கு போவலன்னா எப்டி? அட்டைக்கி நம்பரு போட்டுட்டன். நீயே வரிசையா கோத்துக்க. கிளப்புல பானு காத்துகினு கீறா."

"நம்பரு போட்டா போதுமா? கரை நாடா யாரு தள்ளுவாங்க? உங்கப்பனா?"

அப்பன் ஜெயவேல் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் தலையெல்லாம் தவிட்டுத் தூளோடு வருவார். தறி அக்காவுடையது. இரண்டு பக்கமும் வேறு நிறத்தில் பெரிய கரை வைத்த கல்யாணப் புடவை என்றால் ஒரு ஆள் போதாது. அக்கா நடுவில் உட்கார்ந்து நெய்வாள். கூட ஒருத்தர் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை, அதாவது கரை நூல் சுற்றிய ஓடத்தை, தள்ள வேண்டும். அந்த ஒருத்தர் சூர்யகலா. அவள் இல்லையென்றால் தறி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். அக்கா எழுந்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி எழுந்து.

சூர்யகலா சைக்கிளை எடுத்துப் போய்விட்டாள். அக்கா புது அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஒரு முழ நீளத்துக்குக் குறுகலான அட்டைகள், உடம்பெல்லாம் ஓட்டை. ஒரு மாங்காய் விழ இத்தனை அட்டை என்று கணக்கு உண்டு. ஒரு அட்டை பட்டுக்கு, அடுத்தது சரிகைக்கு, மறுபடி பட்டு, மறுபடி சரிகை. மாலையாகக் கட்டிப் பெட்டியில் மாட்டிவிட்டால் கால் மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாகத் திரும்பி, கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை வந்து நிற்கும்.

சாயங்காலம் ரெண்டு மசால்வடையும் ஒரு அட்டையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "பார்த்திபா, அட்ட குத்துறவரு எப்பவும் ஒண்ணு உபரியா குடுப்பாரு. உனுக்கு ஸ்கேலுக்கு ஆவும், வச்சிக்க."

நல்ல கெட்டி அட்டை. ஓட்டைகள் வரிசையாக, ஒரே இடைவெளியில். சாக்பீஸை அதன் மேல் தேய்த்தால் துணியில் புள்ளி விழும். ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்க இதைவிட வசதி வேறு கிடையாது. மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு ஜாக்கெட்டுக்கு ஊக்குப் புள்ளி வைத்துவிட்டேன்.

அதே புதன்கிழமைதான் எதிரே புடவை கெட ஆரம்பித்தது.

முதல் வரிசை மாங்காய் கண்ணைப் பறித்தது. அரக்கு உடம்பில் தங்கம். இரண்டாவது வரிசை ஊமை. மாங்காய் அரக்கிலேயே விழுந்து மறைந்துபோக, சரிகை குறுக்கே கோடு கோடாக ஓடியது. அக்கா பதறிப்போய்ப் பெட்டி மேஸ்திரி காத்தவராயனுக்குப் போன் போட்டாள். அவர் வந்து எண்ணெய் விட்டு, ரெண்டு கொக்கியைத் தட்டி, "ஒரு வரிச ஓட்டிப் பாரும்மா" என்றார். ஓட்டினாள். மூன்றாவது வரிசை தங்கமாக விழுந்தது. மேஸ்திரி டீ குடித்துவிட்டுப் போனார். நாலாவது ஊமை. மறுபடி போன், மறுபடி எண்ணெய், ஐந்தாவது தங்கம், ஆறாவது ஊமை. எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், பெட்டி சரியாகட்டும் என்று ஓட்டி ஓட்டி ஒரு ஜாண் துணி கெட்டுப்போனது.

"கொக்கி புடிக்குது, உடுது, புடிக்குது, உடுது. பெட்டிய எறக்கிப் பாத்தாதான் தெரியும். மூணு நாளு ஆவும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வண்டியைக் கிளப்பினார். மூணு நாள் போனால் ஞாயிற்றுக்குள் நெய்து முடியாது. தெள்ளாரிலிருந்து வருகிறவர்களுக்குக் காசியம்மாள் வெறுங்கையைத்தான் காட்ட வேண்டும்.

அன்று ஜெயவேல் வந்து கை கால் கழுவுவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. நான் ஊசி கேட்கிற சாக்கில் போய் வாசற்படியில் நின்றேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நேத்து இவ கூட இருந்து பாத்து மாட்டியிருந்தா இவ்ளோ பேஜாரு ஆயிருக்குமா?" என்றாள் அக்கா. "கோத்தது நானு, மாட்னது நானு. எங்கியோ பெட்டில இடிச்சிட்டன் போல கீது. ஒத்த ஆளு எத்தினிய பாப்பன்?"

"சரி உடு, பெட்டிதான" என்றார் ஜெயவேல்.

"இன்னா உடறது? சனிக்கெழம வேலூரும் கெடையாது, கிளப்பும் கெடையாது. படிக்க வோணாம்னு நான் சொல்லல. காலேஜுக்கு போ, பாஸ் பண்ணு, வேலைக்கி போ. இது இன்னாத்துக்கு? மார்க்கு குடுக்கறாங்களா? கட்டத்துல கல்லு வச்சிகினு வெளையாடறதுக்கு நாலு மணி வரைக்குமா?"

சூர்யகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கிளாஸ்ல நோட்ஸ் எழுதறோம்மா. பரீட்சையில அத்தையே எழுதறோம். தெரியலன்னா தெரியாத மாதிரி காட்டிக்காம உக்காந்துகினு இருக்கணும். கிளப்புல மட்டுந்தான் எனுக்கு புரியலன்னு சத்தமா சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க. எல்லாரும் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. எனுக்கு அந்த ஒரு எடம்தாம்மா கீது."

ஜெயவேல் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சூர்யகலா போனை எடுத்து என்னவோ அழுத்தினாள்.

"கிளப்பு குரூப்லேர்ந்து வெளிய வந்துட்டன். போதுமா?"

அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். தெருவில் எத்தனையோ பிள்ளைகள் படிக்கச் சொன்னால் ஓடுகிறார்கள். இவளைப் படிப்புக்கு மேலே படிக்காதே என்று நிறுத்த வேண்டியிருக்கிறது. அக்காவையும் குற்றம் சொல்ல முடியவில்லை. தறி அவள் பேச்சைக் கேட்கவில்லை. மகளாவது கேட்கட்டும் என்று பார்த்தாள்.

மறுநாள் சூர்யகலா கல்லூரிக்குப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஒரே குடையில் ரெண்டு பேர் நனைந்துகொண்டு வந்தார்கள். சேத்துப்பட்டுப் பெண் பானுப்ரியா; வாய் ஓயாது. கூட தென்னரசு, கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிற பையன், வாயே திறக்காது. குரூப்பிலிருந்து ஆளைக் காணோம் என்றதும் மன்றமே வீடு தேடி வந்துவிட்டது.

காசியம்மாள் அக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கையால் அப்படி இருக்க முடியவில்லை. கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டு அடை தட்ட ஆரம்பித்தாள். வாசம் எங்கள் வீடு வரை வந்தது. நான் ஊசியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"ஆன்ட்டி, செம்மயா கீது" என்றாள் பானுப்ரியா, வாய் நிறைய. "இவ வரலன்னா எங்களால முடியாது ஆன்ட்டி. இவதான் பேசறா. நாங்க ரெண்டு பேரும் சும்மா பக்கத்துல நிக்கறதுக்கு."

"அவ வரல. தறிய பாரு, அப்பறம் பேசு."

பானுப்ரியா எழுந்து போய்த் துணியைப் பார்த்தாள். "ஐயோ, எவ்ளோ அழகா கீது. இது இன்னா ஆச்சி? இது நல்லா கீது, இது போச்சி, இது நல்லா கீது..."

"ஒண்ணு உட்டு ஒண்ணு கெடுது. மூணு நல்லது, மூணு நாசம்."

"நம்ம பலக மாதிரியே கீதுடி சூர்யா. கறுப்பு, வெள்ள, கறுப்பு, வெள்ள."

பலகை என்று அவள் சொன்னது அவர்கள் வேலூரில் பேச எடுத்திருந்த கணக்கு. சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டம் ரெண்டையும் வெட்டிவிட்டால், மிச்சத்தை ரெண்டு கட்ட நீளச் சீட்டுகளால் மூட முடியுமா? முடியாதாம். ஒவ்வொரு சீட்டும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை மூடும். வெட்டியதோ ரெண்டும் ஒரே நிறம். அப்புறம் ஜோடி எப்படிச் சேரும் என்று சூர்யகலா முன்பே எனக்கு விளக்கியிருக்கிறாள். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூர்யகலா அடையை அப்படியே தட்டில் வைத்தாள்.

"கொக்கி லூசா இருந்தா எப்ப வோணா கெடும். இது கரெக்டா ஒண்ணு உட்டு ஒண்ணு கெடுது. அம்மா, மொத்தம் எத்தினி அட்ட?"

"தொண்ணூத்தாறு. எப்பவும் அதான்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணுவாங்களா? நீ போட்ட நம்பருப்படி கோத்தன். கடேசி நம்பரு வரைக்கும்."

"கடேசி நம்பரு இன்னா?"

அக்கா பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "தொண்ணூத்தஞ்சி."

"அப்ப சைபர் எங்கம்மா?"

"சைபரா?"

"மொத அட்டையில சைபர் போட்டன். சைபர்லேர்ந்து தொண்ணூத்தஞ்சி வரைக்கும். கிளப்புல நாங்க அப்டித்தான் எண்ணுவோம். சுத்தி வந்து சேர்ற கணக்குக்கெல்லாம் சைபர்லேர்ந்துதான் ஆரம்பிப்போம். அவசரத்துல கையி அப்டியே போட்டுடுச்சி."

"ஒண்ணுலேர்ந்துதானடி எண்ணணும்?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "சைபர்னு கண்டதும் அது உபரி அட்டன்னு நெனச்சன். எப்பவும் ஒண்ணு கூட குடுப்பாரே. கணக்குல சேராததுன்னுதான் சைபர் போட்டு கீறன்னு..."

ஓடிப்போய் என் மேஜையில் இருந்த அட்டையை எடுத்து வந்தேன். சாக்பீஸ் பொடி அப்பியிருந்தது. மூலையில் பொடியெழுத்தில் ஒரு சைபர். நாலு ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்தபோது என் கண்ணில் படவேயில்லை.

தென்னரசு அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஒத்தப்பட" என்றான். அவ்வளவுதான்.

சூர்யகலா அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். "பட்டு அட்ட ஒண்ணு, சரிக அட்ட ஒண்ணு. நீயும் பட்டு நாடா ஒண்ணு, சரிக நாடா ஒண்ணு போடற. தொண்ணூத்தாறு இருந்தா சுத்தி வரும்போது ஜோடி சேந்துக்கும். ஒண்ணு கொறஞ்சதால, மொத சுத்து மட்டும் சரியா வந்துது. ரெண்டாவது சுத்துல பட்டு அட்டைக்கி நீ சரிகைய போட்ட, சரிக அட்டைக்கி பட்ட போட்ட. மூணாவது சுத்துல இன்னொரு ஒண்ணு கொறஞ்சி மறுபடி ஜோடி சேந்துடுச்சி. பெட்டில ஒண்ணும் இல்லம்மா. மேஸ்திரி எண்ணெ உட்டதாலயும் சரியாவல. அதும்பாட்டுக்கு சரியாச்சி, அதும்பாட்டுக்கு கெட்டுது."

அக்கா அட்டையை வாங்கி முந்தானையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"என் தப்பு" என்றாள்.

"இல்லம்மா, என் தப்பு. சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"நானாச்சும் ஸ்கேல நல்லா பார்த்திருக்கணும்" என்றேன். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அட்டையை ஜல்தியாகக் கோத்து மாட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு ஜாண் துணியை இழை இழையாகப் பிரிக்க வேண்டும். பட்டு அறுந்தால் போச்சு. அன்று பொழுது சாயும் வரையிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரையிலும் மாற்றி மாற்றிப் பிரித்தோம். தென்னரசுக்கு டாக்டர் கை. ஒரு இழைகூட அறுக்கவில்லை. பானுப்ரியா ரெண்டு இழையை அறுத்துவிட்டு அழப்போனாள். அக்கா அதை முடிச்சுப் போட்டு எடுத்து, "அது ஒண்ணும் ஆவாது, உடு கண்ணு" என்றாள். பிரித்துக்கொண்டே அவர்கள் கணக்குப் பேசினார்கள். அக்கா காதைக் கொடுத்தபடி வேலை பார்த்தாள். "அப்ப நாடா மூணா இருந்தா?" என்று திடீரென்று கேட்டாள். மூணு பேரும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். கால் மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு. மன்றம் எப்படி நடக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளி சாயங்காலம் தறி மறுபடி ஓடியது. நாலு வரிசை தொடர்ந்து தங்கமாக விழுந்தது. ஜெயவேல் ஆலையிலிருந்து வந்து, தவிட்டுத் தலையோடு குனிந்து பார்த்துவிட்டு, "அட" என்றார்.

சனிக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்க வேண்டும் என்றால் ரெண்டு பேர் இடைவிடாமல் உட்கார வேண்டும். சூர்யகலாவும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அக்காதான் நாடாவை நிறுத்தினாள்.

"வேலூருக்கு காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

சூர்யகலா நிமிர்ந்தாள். "ஆறே முக்கா. ஏம்மா?"

"போயிட்டு வா."

"கரைக்கி யாரும்மா?"

"எதிர் ஊட்ல ஒருத்தன் கீறான். என் அட்டையில ஊக்குப் புள்ளி வச்சிகினு சொகமா உக்காந்திருந்தான் இல்ல? அவன் வரட்டும்."

வாசற்படியில் நின்றிருந்த நான் திடுக்கிட்டேன். "எனுக்கு நாடாவே புடிக்கத் தெரியாதுக்கா."

"கத்துக்க. வயசு நாப்பதுதான ஆவுது?"

சூர்யகலா தறியை விட்டு எழுந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது அழுதாள். அக்கா, "பொடவையில கண்ணீர உடாத, கற புடிக்கும்" என்றாள். அவள் கண்ணும் சரியாக இல்லை.

சனிக்கிழமை நான் கடையை மூடினேன். காலை ஆறு மணிக்கே மகள் சைக்கிளில் போனதைப் பார்த்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் நாடாவைக் கீழே விட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன். "தள்ளு. அய்ய, இவ்ளோ வேகமா இல்ல. ஊக்கு தைக்கிற கையா இது? குழந்தைக்கி சோறு ஊட்டற மாதிரி தள்ளு." பத்து மணிக்குமேல் கை பழகியது. வெளியே வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு சுற்று முடிந்து முதல் அட்டை மேலே வந்து நிற்கும்போதெல்லாம் அக்கா தனக்குத் தானே "சைபர்" என்பாள். அப்புறம் ஒண்ணு, ரெண்டு என்று முணுமுணுப்பாள். மத்தியானம் காராமணிக் குழம்பும் சோறும் போட்டாள். எனக்குத் தட்டைப் பிடிக்கக் கை வரவில்லை, தோள் கழன்றுவிட்டது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"அம்மா, பலகய பத்தி பேசல. மாங்காயப் பத்தி பேசிட்டம்."

"அய்யோ, மானம் போச்சே. எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும் சொன்னன். பானு துணிய வரஞ்சி காட்னா. தென்னரசு ஒரு வாக்கியம் பேசிட்டான்மா. கடேசில ஒரு சாரு கேட்டாரு, இதுல தப்பு யாருதுன்னு."

"இன்னா சொன்ன?" அக்கா நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு தப்பும் இல்ல சார், எங்கம்மா சரியா எண்ணுனாங்க, நானும் சரியா எண்ணுனன், ரெண்டு பேரும் ஒருத்தரயொருத்தரு கேட்டுக்காம எண்ணிட்டம்னு சொன்னன். கை தட்டுனாங்கம்மா."

"பரிசு?"

"மொத பரிசு சென்னை காலேஜுக்கு. எங்களுக்கு மூணாவது. உன் கேள்வியையும் சொன்னன், நாடா மூணா இருந்தா இன்னா ஆவும்னு. அத்த யாரு கேட்டதுன்னு மேடம் கேட்டாங்க. எங்கம்மான்னு சொன்னன்."

போனில் அந்தப் பக்கம் பானுப்ரியா எதற்கோ சிரிக்கிற சத்தம். "பஸ் ஏறிட்டு போன் பண்றன்மா" என்று வைத்துவிட்டாள்.

தறிக்கு முன்னால் இன்னும் ஒரு முழம் பாக்கி. நாளைக்கு மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகத்தைத் துடைத்து, காலை மிதியில் வைத்தாள். பெட்டியில் அட்டை திரும்பியது.

"சைபர்" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்திபா, செவ்வாக்கெழம மத்தியானம் கடைய சாத்திட்டு வந்துடு. வியாழக்கெழமையும்தான்."

"எதுக்குக்கா? பொடவதான் நாளைக்கி எறங்கிடுதே?"

"அடுத்த பொடவைக்கி பாவு ஏத்த மாட்டனா? கரைக்கி ஆளு வோணும். அவளுக்கு கிளப்பு கீதில்ல?"